பாத்தியில் விழுந்த பந்துகள்

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோயிற்று. மறதி வேறு. போன வாரம் இந்தப் பத்திரிகையில் ரேஷன் கடை வரிசையைப் பற்றி எழுதியதில் ஒரு வீட்டு மருமகளின் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது அந்த மாமியாரும் பேசுவதில்லை, மருமகளும் பேசுவதில்லை. அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

இந்த வாரம் பந்து விஷயம். சில வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள்.

வைகாசி மாதம், வெயில் ஏறிய நேரம். என் பள்ளக்காட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, முறத்தில் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ‘பொத்’ என்று ஒரு சத்தம். சிவப்பு நூலால் தைத்த வெள்ளைப் பந்து ஒன்று, நான் பூண்டு ஊன்றி வைத்திருந்த பாத்தியில் விழுந்து பாதி புதைந்தது.

அதுதான் ஆட்டக்காரர்களிடம் மிச்சமிருந்த கடைசிப் பந்து. மற்றதெல்லாம் முன்னாலேயே அதே பாத்திகளில் கிடந்தன.

மட்டை பிடித்தவன் நின்றான். ஓடினவன் நின்றான். கீழேயிருந்து வேன் பிடித்து வந்திருந்த கல்லூரிப் பையன்கள், எங்கள் ஊர்ப் பையன்கள், பந்தலில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள், மேட்டில் ஏறி நின்ற ஜனங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

என்னை அத்தனை பேர் சேர்ந்து பார்த்தது அதற்கு முன் என் கல்யாணத்தில்தான். அன்றைக்கும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

ஆள் இல்லாத அணிக்கு மூன்று தலைவர்கள்

எங்கள் ஊர் கூக்காலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. பஸ் மனசு வைத்தால் வரும். கேரட், உருளை, பூண்டு, இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. சித்திரை, வைகாசியில் கொடைக்கானல் டவுன் முழுக்கக் கார் நிற்கும். எங்கள் ஊரில் கல்லூரி விடுமுறைக்கு வந்த பையன்கள் நிற்பார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் போனில் சிக்னல் கிடைக்கும் என்பதால் எல்லாரும் அங்கேயே, கொக்கு மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டு.

இதைப் பார்த்து மனம் பொறுக்காதவர்கள் மூன்று பேர். நடராசன், டீக்கடைக்காரர். பாண்டி, காய்கறி லாரிக்காரர். குழந்தைவேலு, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூவரும் காலமாகிப்போன என் வீட்டுக்காரருடைய சினேகிதர்கள். என்னை மதினி என்று கூப்பிடுவார்கள். நான் தம்பி என்பேன், அதற்கு மேல் பேசினதில்லை.

குழந்தைவேலு ஓய்வு பெற்றபோது, பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட மட்டைகளையும் தோல் கையுறைகளையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு நாள் சாக்கை டீக்கடையில் அவிழ்த்தார். அங்கே நடந்த பேச்சை நடராசன் சம்சாரம் என்னிடம் வந்து நடித்தே காட்டினாள்.

“என்னடா இது, உலக்கைக்குப் பிறந்த குட்டியா?” என்றாராம் பாண்டி.

“பேஸ்பால் மட்டைடா. அமெரிக்காவுல லீவு மாசத்துல ஊருக்கு ஊரு இதுதான் சோலி. காலேஜ் பயகளைச் சேத்து டீமு கட்டி ஆட விடுவாக. ஊர்க்காரகதான் நடத்துவாக. வெளியூர் ஆட்டக்காரனைத் தங்க வச்சு, ஊரு வீட்டுலதான் சோறு.”

“சோறு யாரு ஆக்குறது?”

 மூன்று பேரும் சேர்ந்தே சொன்னார்களாம்: “மதினி.”

அன்றைக்கே அணி பிறந்துவிட்டது. பெயர், மேல்மலைக் காட்டெருமைகள் கோடைக்காலக் கல்லூரிப் பேஸ்பால் அணி. பெயர் நீளமாகிவிட்டதால் பிளெக்ஸ் பேனரை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்ட முடியாமல் மூன்றாவது மரம் தேட வேண்டியிருந்தது. குழந்தைவேலு தலைவர், பாண்டி துணைத்தலைவர், நடராசன் செயலாளர். மூன்று பேருக்கும் ஆளுயரப் படம். ஆட்டக்காரர் ஒருவர்கூட இன்னும் சேரவில்லை. அதனால் கீழே பேனரில் ஒரு காட்டுமாட்டின் தலையைப் போட்டு இடத்தை நிரப்பினார்கள்.

அந்தக் காட்டுமாடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிற்பாடு ஒரு காலையில் நிஜமாகவே ஒன்று காட்டிலிருந்து இறங்கி வந்து மைதானத்தின் நடுவில் நின்றது. காட்டெருமைகள் என்று சட்டையில் எழுதியிருந்த பத்துப் பேரும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வருஷம் அவர்கள் நன்றாக ஓடியது அன்றைக்கு ஒரு தடவைதான். மாடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஆட்டம் பிடிக்காமல் போயிற்று.

சும்மா கிடக்கிற காடு

பிறகு இடம் வேண்டுமே. எங்கள் ஊரே மலைச்சரிவில் படிப்படியாகத் தொங்குகிற ஊர். இங்கே தட்டையாக இருப்பது இரண்டுதான். ஒன்று தோசைக்கல். இன்னொன்று ஓடைக்கரையில் இருக்கிற என் விளைநிலம், பள்ளக்காடு.

மூவரும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

“மதினி, பள்ளக்காடு சும்மாதானே கெடக்கு,” என்றார் பாண்டி.

காடு சும்மா கிடக்கவில்லை. கிழங்கு எடுத்து, உழுது, சாணி கொட்டி, ஒரு மாதம் வெயில் குடிக்க விட்டிருந்தேன். அதெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. யாராவது பேசினால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குத் தலையை ஆட்டுவது என் பழக்கம். ஆட்டினேன்.

“பாத்தியா, மதினிக்குப் பெரிய மனசு,” என்றார் நடராசன். “சித்திரை முடிஞ்சதும் விட்டுருவோம் மதினி.” படியிறங்கிப் போய்விட்டார்கள்.

சித்திரை முடிந்தது. அவர்கள் விடவில்லை. குழந்தைவேலு சதுரத்தைச் சாய்த்து வைத்த மாதிரி கோடு போட்டு, நாலு மூலைக்கு நாலு சாக்கில் வைக்கோல் அடைத்து வைத்திருந்தார். சாக்கும் என்னுடையது. பந்தை அடித்தவன் நாலு சாக்கையும் மிதித்துச் சுற்றி வர வேண்டுமாம். ரொம்பத் தூரம் எல்லையைத் தாண்டி அடித்துவிட்டால், ஹோம் ரன், யாரும் தடுக்க முடியாது, நிதானமாக நடந்தே சுற்றி வரலாமாம். இதை என்னிடம் அவர் அரை மணி நேரம் விளக்கினார். நான் தலையாட்டினேன்.

எனக்கு இருந்த கவலை வேறு. வைகாசி பாதிக்குள் பூண்டை ஊன்றிவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் சேற்றில் பல் அழுகும். ஊன்றாமல் பரணிலேயே வைத்திருந்தால் பல் சுருங்கிப் பொக்காகும். அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருப்பது என் மாமியார் காலத்திலிருந்து வருகிற விதை. ஒரு போகம் ஊன்றாமல் விட்டால் அந்த விதை அத்தோடு போயிற்று. மேட்டுக்காடு காட்டுமாடு மேய்கிற இடம், அங்கே ஊன்றுவதும் ஊன்றாததும் ஒன்று. பள்ளக்காடு திரும்பக் கிடைத்தால்தான் எனக்கு அந்த வருஷம், அடுத்த வருஷம் எல்லாம்.

மூன்று தடவை டீக்கடைக்குக் கேட்கப் போனேன். முதல் தடவை, “வாங்க மதினி, டீ குடிங்க,” என்றார்கள். குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மூன்றாம் தடவை, “மதினி, பேனர்ல உங்க படத்தையும் போடப் போறோம், இடம் உதவின்னு,” என்றார் நடராசன். ஐயோ வேண்டாம் என்று ஓடி வந்துவிட்டேன்.

என் படம் கிடைக்காததால் என் வீட்டுக்காரர் படத்தைப் போட்டார்கள். இடம் உதவி, அமரர் என்று போட்டு, மாலை வரைந்து, கீழே ஒரு விளக்கு. அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் காட்டில் ஒரு நாள் குனிந்து ஒரு களை பிடுங்கினவர் இல்லை. செத்த பிறகு நிலக்கிழார் ஆகிவிட்டார்.

ஓரமாக இரண்டு பாத்தி

நாலாம் தடவை டீக்கடைக்குப் போகவில்லை. குழந்தைவேலு தனியாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். கால் மணி நேரம் நின்ற பிறகு வாய் வந்தது.

“தம்பி, ஓடை ஓரமா ரெண்டு பாத்தி ஊனிக்கிறேன்.”

“அதுக்கென்ன மதினி, தாராளமா ஊனிக்கோங்க! எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவில்ல.”

என் காட்டில் நான் பூண்டு ஊன்ற அவர் உத்தரவு கொடுத்தார். நான் நன்றிகூடச் சொன்னேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூண்டு ஊன்றி முடித்ததும் பாத்தியின் நாலு மூலையிலும் ஒவ்வொரு சிட்டிகை அடுப்புச் சாம்பல் வைப்போம். சாம்பல் வைத்த பாத்திக்குள், முளை தலை காட்டும்வரை ஊன்றின கை தவிர வேறு யார் காலும் படக்கூடாது. சொந்தப் பிள்ளையானாலும் சரி. மிதித்தால் ஊருக்கே பூண்டு பொய்க்கும் என்பார்கள். உண்மையோ பொய்யோ, எங்கள் ஊரில் இதுவரை யாரும் மிதித்துப் பார்த்ததில்லை.

இரண்டு பாத்தியையும் பார்த்த குழந்தைவேலுக்கு ஒரே சந்தோஷம். இதுவரை எல்லை எது என்று அவருக்கே தெரியாமல் இருந்தது. “அந்தப் பாத்திதான் எல்லைக் கோடு. பாத்தியில விழுந்தா ஹோம் ரன்!” என்று அறிவித்துவிட்டார். விழுந்த பந்துகளைச் சாயங்காலம் நான் எடுத்துக் கூடையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஏற்பாடு. வேறு யாரும் உள்ளே போக முடியாதே.

மறுநாள் வெள்ளனே எழுந்தேன். பையன்கள் வருவதற்குள் இன்னும் இரண்டு பாத்தி ஊன்றி, சாம்பல் வைத்தேன். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு. அப்புறம் மூன்று.

தலைவர்கள் மூன்று பேரும் தினமும் பந்தல் நிழலில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து ஆட்டத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது பந்து எங்கே விழுகிறது என்பதை. பாத்தி எங்கே வருகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் எப்போதாவது ஒரு ஹோம் ரன். அப்புறம் தினம் நாலைந்து. பிறகு மட்டையில் பட்டதெல்லாம் ஹோம் ரன்.

“பயகளுக்குக் கை ஏறிருச்சுடா!” என்று பாண்டி துள்ளினார்.

“மலைக் காத்து, மலைப்பூண்டு, ரெண்டும் ரத்தத்துல கெடக்குல்ல,” என்றார் நடராசன்.

“எல்லாம் பயிற்சி,” என்று குழந்தைவேலு அடக்கமாகச் சொல்லி, மார்பை நிமிர்த்தினார்.

கண்டுபிடித்தது ஒருவன்தான். அருள் என்று வத்தலக்குண்டுப் பையன். அணியிலேயே கல்லூரியில் நிஜமாகப் பேஸ்பால் ஆடுகிறவன் அவன் ஒருவனே. வெளியூர் ஆட்டக்காரன் என்று என் வீட்டில்தான் தங்க வைத்திருந்தார்கள். ஒரு நாள் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

“அம்மாச்சி, நேத்து அந்தக் கடைசிப் பாத்தி இல்லையே?”

“எந்தப் பாத்தி?”

“ரெண்டாவது சாக்குக்குப் பின்னாடி இருக்கே, அது.”

“மலைப் பூமி ராசா. மண்ணு இறங்கும்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் ரசத்தை ஊற்றினேன்.

“மண்ணு இறங்குறப்ப நாலு மூலையிலயும் சாம்பலும் சேந்து இறங்குமா அம்மாச்சி?”

“இன்னொரு அப்பளம் வேணுமா?”

“ரெண்டு குடுங்க,” என்றான். அதன் பிறகு அவன் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பிள்ளை.

வந்தவர்கள் கேட்ட கேள்வி

மூன்று தலைவர்களுக்கும் தைரியம் முற்றிவிட்டது. கீழே ஒரு கல்லூரி அணியை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பிளெக்ஸை மாற்றி, ‘வெல்ல முடியாத’ என்று ஒரு சொல் கூட்டினார்கள். அதுவரை அவர்கள் யாரோடும் ஆடியதே இல்லை, அதனால் அது பொய்யும் இல்லை.

வேன் வந்து நின்றது. அந்த அணியின் பயிற்சியாளர் இறங்கி, பள்ளக்காட்டைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“சார், ஆடுற இடம் எங்க சார்?”

“இதுதான் சார்,” என்றார் குழந்தைவேலு.

“இது வார்ம்-அப் பண்ற இடம்னு நெனச்சேன்.”

அப்போதுதான் மூன்று பேரும் முதல் தடவையாக ஆட்டத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்தார்கள். காட்டில் பாதிக்கு மேல் பாத்தி. குழந்தைவேலுவின் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது. ஆனால் மேட்டில் ஜனம் நின்றுவிட்டது. மாலை போட்டாயிற்று. வாயைத் திறக்க வழியில்லை.

ஆட்டம் தொடங்கியது. வந்த பையன்கள் நிஜமாக ஆடுகிறவர்கள். எங்கள் பையன்கள் போட்ட பந்தையெல்லாம் சோம்பலாக ஒரு தட்டுத் தட்டினார்கள். அத்தனையும் பாத்தியில். ஒருவன் சுற்றி முடிப்பதற்குள் அடுத்தவன் சுற்றக் கிளம்பினான். கோயில் பிரகாரம் மாதிரி வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கம் இன்னும் மட்டையே பிடிக்கவில்லை, பந்துகள் தீர்ந்துபோயின.

அதுதான் நான் முதலில் சொன்ன நேரம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்த நேரம்.

வந்தவர்களில் ஒரு பையன், “நான் எடுக்கிறேன்,” என்று பாத்திக்குள் காலை நீட்டினான்.

“ஏலே தம்பி, காலை எடு! காலை எடுலே! அது ஊனுன பாத்தி!” என்று பந்தலிலிருந்து அலறியது நடராசன்தான். மாலை ஒரு பக்கம் பறக்க எழுந்து ஓடி வந்துவிட்டார். அவருக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கர் பூண்டு உண்டு.

குழந்தைவேலு என் பக்கத்தில் வந்து குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“மதினி, வெரசா ஒரு எட்டுப் போய்ப் பந்துகளை எடுத்துத் தாங்க. மானம் போகுது.”

முறத்தை மடியிலிருந்து இறக்கினேன்.   எதிரே பார்த்தால் ஊர். பின்னால் பார்த்தால், பரணிலிருந்து இறக்கிய மிச்ச விதைப்பூண்டு முழுவதும் கூடையில். இறக்கின விதையைத் திரும்பப் பரணில் ஏற்ற முடியாது. வைகாசியில் பாதி அன்றைக்கோ மறுநாளோ முடிகிறது.

“முளைக்கட்டும் தம்பி. எடுத்துத் தாரேன்,” என்றேன்.

“எப்ப மதினி முளைக்கும்?”

“மழையப் பொறுத்து.”

மேட்டில் முதலில் ஒரு பெண் சிரித்தாள். நடராசன் சம்சாரம் என்று நினைக்கிறேன். பிறகு எல்லாரும்.

நான் கூடையையும் களைக்கொத்தையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். பாத்திப் பக்கம் போகவில்லை. நேரே நடு மைதானத்துக்குப் போனேன். ரெண்டாவது சாக்கைத் தூக்கி, உள்ளே இருந்த வைக்கோலை உதறிக் கொட்டிவிட்டு, சாக்கை மடித்து இடுப்பில் செருகினேன். மண் அங்கே நன்றாக மிதிபட்டு இறுகியிருந்ததால் களைக்கொத்தால் இரண்டு கொத்துக் கொத்த வேண்டியிருந்தது. குனிந்தேன். ஊன்ற ஆரம்பித்தேன்.

 ரெண்டாவது சாக்கு கிடந்த இடத்திலிருந்து பந்து போடுகிறவன் நின்ற இடம்வரை ஒரு பாத்தி முடித்து, மடியிலிருந்த சாம்பலை நாலு மூலைக்கும் வைத்தேன். அத்தோடு ஆட்டம் முடிந்தது. எங்கள் ஊர் ஆள் எவனும் இனி அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டான்.

“அவுட்டா இது?” என்று வந்த பையன்களில் ஒருவன் கேட்டான்.

“எல்லாரும் அவுட்டுடா,” என்றான் அருள்.

பயிற்சியாளர் நல்ல மனிதர். வந்து மீதி மூன்று சாக்கையும் எடுத்து, வைக்கோலை உதறி, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வேன்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நான் பொழுது சாயும்வரை குனிந்திருந்தேன், மறுநாளும் குனிந்திருந்தேன். கடைசிப் பல் மண்ணுக்குள் போனபோது இடுப்பு என்னுடையதாக இல்லை. காடு என்னுடையதாக இருந்தது.

மழை ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பிடித்தது. முளை வந்ததும் உள்ளே போய்ப் பந்துகளைப் பொறுக்கித் துடைத்து, டீக்கடையில் கொண்டுபோய் வைத்தேன். அந்த வருஷம் பூண்டு ஒன்றும் பொய்க்கவில்லை.

சரிபார்க்க வேண்டியவை

இதில் தப்பு இருக்கலாம். அன்றைக்கு எத்தனை பேர் சுற்றி வந்தார்கள், எத்தனை பந்து, எல்லாம் எனக்குக் குழப்பம். வேனில் வந்த பிள்ளைகளில் யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்தால் சரியான விவரத்தை எழுதிப் போடுங்கள். ஏனென்றால் அணியின் வாட்ஸப் குழுவில் ‘மழை காரணமாக ஆட்டம் நிறுத்தப்பட்டது’ என்று அன்று மதியமே போட்டார்களாம். அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அதையும் யாராவது உறுதி செய்யலாம்.

இன்னொன்று. அந்த அணிக்கு இப்போது பேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறதாம். அதில் என் பள்ளக்காட்டை ‘அணிக்கு நன்கொடையாக வழங்கப்பட்ட மைதானம்’ என்று எழுதியிருப்பதாக அருள் போனில் படித்துச் சொன்னான். எனக்கு அதையெல்லாம் திறந்து பார்க்கத் தெரியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து பார்த்து, அந்தச் சொல் இன்னும் அங்கே இருக்கிறதா, மூன்று பேரில் யார் அதை எழுதினது என்று மட்டும் விசாரித்து எனக்கு எழுதுங்கள். திருத்தச் சொல்லி நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டே கேட்பேன்.